பச்சைமுத்து வெட்டிச் சொன்ன வாக்கியம்

1

இந்தக் கதை பிறந்தது என் அவசரபுத்தியால். மச்சினி மகள் ஷாலினி, தன் புற்றுநோய் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தமிழில் சுருக்கித் தரச் சொன்னாள். சுருக்கினேன். "நீங்க வெட்டினதுல அர்த்தமே தலைகீழாப் போச்சு பெரியப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீணாவானேன் என்று கதையாக்கப் பார்க்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: "புரோஸ்டேட் சுரப்பியின் இருண்ட செல்லுக்குள் ஓர் ஏற்பிப் புரதம் விம்மியபடி..." வேண்டாம். புரதம் விம்மாது.

இரண்டாவது: திண்டிவனம் பக்கம் ஒலக்கூரில் வேர்க்கடலை, அவர் பாஷையில் மல்லாட்டை, போடும் பச்சைமுத்து, புரோஸ்டேட் புற்றுநோய்க்கு இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோன் வந்து உட்காரும் ஏற்பியை அந்த மாத்திரை அடைத்து வைக்கும். ஆனால் செல்லும் என்னைப் போலத்தான். ஜீனை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, வெட்டி ஒட்டுகிறது. வெட்டும் இடம் மாறினால், ஹார்மோன் உட்காரும் பகுதியே இல்லாத ஏற்பி பிறக்கும். ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்த பம்ப்செட் மாதிரி, யாரும் போடாமலே ஓடும். மாத்திரைக்கு அங்கே வேலையில்லை.

(இந்தப் பத்தியைத் தாண்டிப்போகப் பார்க்கிறீர்கள். பச்சைமுத்துவும் இதைத்தான் தாண்டினார்.)

3

விழுப்புரம் டாக்டர் சொன்னது: "இந்த மாத்திரைய நிறுத்திடலாம். இனிமே கேக்காது. திங்கக்கிழமையே கீமோ ஊசி ஆரம்பிக்கணும், தள்ளிப்போட்டா ஆபத்து. வீட்டு ஆளைக் கூட்டிக்கினு வாங்க."

பச்சைமுத்து மனைவி தனத்திடம் சொன்னது: "மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாரு."

பொய்யில்லை. மீதியைத் தொண்டையிலேயே வெட்டிவிட்டார். மனுஷனுக்கு அவ்வளவு பயம்.

4

தனம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். எதிர்வீட்டு அஞ்சம்மாள், "இன்னா மாமா, எமனுக்கே டாட்டா காட்டிட்டியே!" என்றாள். அதே தெருக் கண்ணையன் மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். அவர் மச்சானுக்கு மூலமாம்.

"சீக்குப் பேஜாரு விட்டுதுங்க" என்று தனம் வந்தவர்களுக்கு இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

5

ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. முடிவு வேண்டும்.

(அ) டாக்டரே போன் செய்கிறார். இது என் கோழைத்தனம்.

(ஆ) தனத்துக்கு எல்லாம் முன்பே தெரியும். கதைகளில் மனைவிகளுக்கு எப்போதும் முன்பே தெரிந்துவிடுகிறது. இவளுக்குத் தெரியாது. நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறாள்.

(இ) மூன்றாம் பகுதியில் டாக்டர் பேசியதைக் கிழித்துவிட்டுப் படியுங்கள். கதை சுபம். பச்சைமுத்து மட்டும் செத்துப்போவார்.

தனம் பச்சைமுத்துவின் எதிரே வந்து நிற்கிறாள். "இன்னாங்க, வாயத் தொறக்கறீங்க, மூடிக்கிறீங்க? வெல்லம் கம்மியா?"

அவர் சொல்லமாட்டார். தனத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று, அந்த முகம் மாறுவதை என் கையால் எழுத முடியாது. டாக்டர் சொன்னது முழுதாக உங்களுக்குத் தெரியும். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். விடிந்தால் திங்கட்கிழமை.