பல்செட்டுக்கு முன்னால்

ஹீட்டர் மேலிருந்து எடுத்தபோது எண்ணெய்ப் பாட்டில் கையைச் சுட்டது. குளிர்காலத்துச் செயின் எண்ணெய் காலையில் பாகு மாதிரி இறுகிக் கிடக்கும். கொஞ்சம் சூடு காட்டினால்தான் சொட்டும். அன்று பேச்சு சுவாரஸ்யத்தில் அவள் கொஞ்சம் அதிகமாகவே காட்டிவிட்டாள்.

சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே மறு கையால் எண்ணெய் விட்டாள். கணவர் முக்காலியில் உட்கார்ந்து, போட்டிருந்த சாக்ஸ் மேல் இன்னொரு சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு போட்டா ஷூ பத்தல. ஒண்ணு போட்டா விரல் மரத்துப் போகுது. மனுஷன் என்னதான் பண்றது?"

"வீட்ல இருக்கலாம்."

"நல்ல யோசனை. அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம்."

"போன ஜென்மத்துலயும் இதையேதான் சொல்லியிருப்பீங்க."

அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார். ஜன்னலை இறக்கி, "சிவப்பு டயர் கேட்டு அந்த ஆள் வந்தா நான் ஊர்லயே இல்லைன்னு சொல்லிடு" என்றார். வேன் மலைப் பக்கம் கிளம்பியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடையின் ஷட்டரை முழுதாகத் தூக்கினாள்.

சிவப்பு டயர்க்காரர் வந்தார். ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

பல்செட் பாதையில் கிடந்தாராம். பல்செட் என்பது மலைமேல் இருக்கிற இறக்கத்துக்கு சைக்கிள்காரர்கள் வைத்த பெயர். கடைவாய்ப் பற்கள் மாதிரி வரிசையாகக் கற்கள் முளைத்திருக்கும். அங்கே விழுந்தவர்கள் பல் டாக்டருக்கு வருமானம் கொடுத்ததும் உண்டு. கோடையிலேயே பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். பனி உறைந்த நாட்களில் முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும். அப்போதெல்லாம் பின் பிரேக்தான் ஒரே துணை.

டாக்டர் நல்ல மனுஷி. கையைப் பிடித்துக்கொண்டு, இதயம் நின்றிருக்கிறது என்றார். நெற்றியில் அடிபட்டிருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, "விழும்போது பட்டிருக்கும்மா" என்றார். இதயம் நின்றதால் விழுந்தாரா, விழுந்ததால் நின்றதா என்று அவள் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உறுதியாச் சொல்ல முடியலைம்மா. எதுவானாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல கஷ்டப்பட்டிருக்க மாட்டார்" என்றார்.

அந்தத் தயக்கம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

கடையில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செயினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால், பின் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிற டிஸ்க் தகட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குளியல் தொப்பியை மாட்டிவிடுவார்கள். தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், பிரேக் பேட் அதை உறிஞ்சிக்கொண்டுவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நிற்காது. தொப்பிகளுக்குப் பஞ்சமே கிடையாது. கொழுந்தன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன். தங்கும் லாட்ஜுகளில் குளிக்கிறானோ இல்லையோ, தொப்பியை மட்டும் மறக்காமல் எடுத்து வருவான்.

அன்றைக்குத் தொப்பியை மாட்டினாளா?

எவ்வளவு யோசித்தும் அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. இரட்டைச் சாக்ஸ் வந்தது, ஜென்மம் வந்தது, பாட்டில் சுட்டது வந்தது. தண்ணீராய் இளகிய எண்ணெய், சுற்றுகிற சக்கரத்தின் கம்பிகளில் தெறித்ததும் வந்தது. தொப்பி மட்டும் வரவில்லை. கடையிலிருந்து வேனில் போன சைக்கிள் அது. மலையடிவாரத்திலிருந்து மேலே ஏறுகிறவரை பிரேக்குக்கு வேலையே இல்லை. முதன்முதலாக அவர் அதை அழுத்தியிருக்கக்கூடிய இடம் பல்செட்தான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, "சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது" என்று ஆறுதல் வாங்கிக்கொள்ளவும் மனமில்லை. சைக்கிள் திரும்பி வந்தபோது, கொழுந்தனிடம் பின்கட்டில் வைத்து தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னாள். கடையைத் திறந்தாள். டியூப் விற்றாள், பஞ்சர் ஒட்டினாள். யாராவது செயினுக்கு எண்ணெய் விடச் சொன்னால் மட்டும் பாட்டிலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள். "செல்ஃப் சர்வீஸா?" என்று சிரித்துக்கொண்டே அவர்களே விட்டுக்கொண்டார்கள்.

குளிர் இன்னும் விடாத ஒரு திங்கட்கிழமை கொழுந்தன் வந்தான். டிரைவர் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் அண்ணனின் பழைய ஜாக்கெட்.

"அண்ணி, அண்ணனோட வண்டியை எங்க டிப்போ மெக்கானிக் கேக்கறான். நல்ல பையன், நல்லா வச்சுப்பான். பிரேக் மட்டும் ஒரு தடவை பாத்துக் குடுங்கன்றான்."

"பிரேக்கெல்லாம் பாக்க முடியாது. அப்படியே எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"நீங்க பாக்காம இந்தக் கடைய விட்டு ஒரு வண்டி போயிருக்கா? எங்க அண்ணன் ஓட்டத்தான் லாயக்கு, ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"தம்பி, விடுன்னா விடேன்."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். அவன் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எட்டு மணி நேரம் பஸ்ஸில் எத்தனை பேர் கத்தினாலும் அசையாதவன், அண்ணி ஒரு வார்த்தை உரத்துப் பேசினால் சின்னப் பிள்ளையாகிவிடுவான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் ஆறுதல் சொல்லவில்லை.

"பேடைக் கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடுமா அண்ணி?"

"தெரிஞ்சிடும். எண்ணெய் குடிச்ச பேட் பளபளன்னு இருக்கும்."

"அப்ப பாத்துடலாம். தெரியாம இப்படி வெந்துட்டு இருக்கறதுக்கு, தெரிஞ்சே ஒரேயடியா அழுதுடலாம். நான் கூட இருக்கேன்."

பின்கட்டுக்குப் போனார்கள். அவன்தான் தார்ப்பாயை இழுத்தான். ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. சக்கரத்தில் காய்ந்த சேறு. அவள் பின் பிரேக்கைப் பார்க்கத்தான் குனிந்தாள். ஆனால் கண் அங்கே போகவில்லை. சீட் இடித்துவிடாமல் தலையை ஒதுக்கினாள். அப்போதுதான் அது உறைத்தது.

சீட் மேலே இருந்தது.

"தம்பி. சீட்டை நீ ஏத்தினியா?"

"நான் எதுக்கு ஏத்தறேன்? வண்டியில பட்டும் படாமதான் கை வச்சேன்."

மலையில் ஓட்டுகிற சைக்கிளின் சீட்டை, கைப்பிடியில் இருக்கிற ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றி இறக்கலாம். டிராப்பர் என்பார்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போது சீட் உயரமாக இருக்க வேண்டும். இறக்கம் வந்ததும் பொத்தானை அழுத்தி உட்கார்ந்தால் சீட் கீழே போய்விடும். உடம்பைப் பின்னால் சாய்த்து இறங்க அப்போதுதான் இடம் கிடைக்கும். சீட்டை இறக்காமல் பல்செட்டில் இறங்குகிறவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அவர் அந்த விஷயத்தில் பைத்தியக்காரர் இல்லை. சாதாரண நடைபாதை மேட்டைக் கண்டாலே சீட்டை இறக்குகிறவர்.

விழுந்த வேகத்தில் அது தானாக ஏறாது. பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். பல்செட்டில் விழுந்திருந்தால் சீட் கீழே இருக்க வேண்டும்.

"மலையிலேர்ந்து வண்டியைக் கொண்டு வந்தது யாரு?"

"மண்வெட்டி அண்ணன்."

மண்வெட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிறவருக்குத் தையல் கடை. மழையில் பாதை அரித்துப் போனால் மண் போடுவதும், பனியில் உறைந்தால் சரளை இறைப்பதும் அவருக்குப் பொழுதுபோக்கு. ஊசி பிடிக்கிற நேரத்தை விட மண்வெட்டி பிடிக்கிற நேரம் அதிகம் என்று அவர் மனைவியே சொல்வாள். அன்றைக்கு முதலில் பார்த்தது அவர்தான். சாவுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

அவர் அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தால்? சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றியிருந்தால்? அவள் ஸ்வெட்டரோடு அப்படியே கிளம்பினாள். கொழுந்தன் பின்னாலேயே ஓடி வந்து ஷாலைப் போர்த்தினான்.

தையல்காரர் மெஷினில் ஜாக்கெட் ஜிப் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வாம்மா. நானே வரணும்னு... எந்த முகத்தை வச்சுட்டு வர்றதுன்னுதான்..."

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மலையிலேர்ந்து அவர் வண்டியை ஓட்டிட்டா வந்தீங்க?"

"ஓட்டறதா? நல்லாக் கேட்டே போ! செத்தவன் வண்டியில ஏறி உக்காருவேனா நான்? தள்ளிட்டேதான் வந்தேன். ரெண்டு தடவை வழுக்கி விழுந்தேன், அதுவும் என் காலு பண்ண வேலை."

"சீட்டைத் தொட்டீங்களா?"

"எதுக்கும்மா தொடணும்? கிடந்தது கிடந்தபடி எடுத்து நிமித்தினேன்."

"கிடந்ததுன்னா? எப்படிக் கிடந்தது?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "உனக்கு யாரும் சொல்லலையா?"

"பல்செட்ல விழுந்து கிடந்தார்னு சொன்னாங்க."

"பல்செட்லயா? எவன் சொன்னது?" என்றவர், அடுத்த நொடியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான்தான். ஆம்புலன்ஸுக்குப் போன்ல எங்கன்னு கேட்டான். பல்செட்னேன். எங்களுக்குள்ள அந்த மேடு, அந்தப் பாறை, அந்த இறக்கம் எல்லாமே பல்செட்தானேம்மா. பல்செட்டுக்கு மேல, ஏறி முடிக்கிற சமதரையிலன்னு சொல்லியிருக்கணும். அவன் இறங்கவே இல்லையேம்மா!"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

"வண்டியை ஓரமா, செயின் பக்கம் மேல இருக்கற மாதிரி பதமாப் படுக்க வச்சிருந்தான். ஹெல்மெட் கைப்பிடியில மாட்டியிருந்துச்சு. கையுறை ரெண்டும் ஹெல்மெட்டுக்குள்ள. பாறையில சாஞ்சு உக்காந்து மூச்சு வாங்கியிருக்கான். அப்படியே பக்கவாட்டுல சரிஞ்சிருக்கான், அதுல நெத்தி கல்லுல பட்டிருக்கு. பனியில டயர் தடம் அந்த இடத்தோட நின்னுடுச்சு. பல்செட் பக்கம் ஒரு கோடு கூட இல்லை. நான் சுத்திச் சுத்திப் பாத்தேன்."

ஒரு ஷூ லேஸை இறுக்கிக் கட்டி வெகுநேரம் கழித்து அவிழ்த்தால் கால் எப்படி விரியுமோ, அப்படி அவளுக்குள் என்னவோ விரிந்தது. விழவில்லை. பிரேக்கை அழுத்தி, அது பிடிக்காமல், பயந்துபோய்ப் போகவில்லை. உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி, நனையாமல் ஹெல்மெட்டுக்குள் போட்டார். வழக்கம்போல.

தையல்காரர்தான் மறுபடி பேசினார். இந்த முறை குரல் கீழே போயிருந்தது.

"சேர்ந்து ஏறலாம்னுதான்மா பேச்சு. ஒரு கஸ்டமர் ஜிப்பை உடனே தச்சுக் குடுன்னு நின்னான். அரை மணி நேரம் லேட்டாயிட்டேன். சொன்ன நேரத்துக்குப் போயிருந்தா..."

"போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுண்ணே. ஒரு நிமிஷத்துக்கு மேல இல்லைன்னு டாக்டரே சொன்னாங்க."

"நெஜமாவா?"

"எங்கிட்ட நேராச் சொன்னாங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெஷினில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனார்.

"அண்ணே, அது கஸ்டமர் ஜாக்கெட்" என்றான் கொழுந்தன்.

"அவனால வந்த வினைதான். துடைச்சா என்ன?" என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு மாதிரிக் கோணலாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

வீடு திரும்பியதும் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினாள். பின் பிரேக்கின் பூட்டு ஊசியை உருவி, பேடுகளை விரலால் நெம்பி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பாகப் பளபளத்தன. சேற்று நீரில் மிதக்கிற பெட்ரோல் மாதிரி ஒரு வானவில் ஓரத்தில் ஓடியது.

"எண்ணெயா அண்ணி?"

"எண்ணெய்தான். தொப்பி மாட்டலை."

அவர் இன்னும் பத்தடி போயிருந்தால் என்ற நினைப்பு அவளுக்கு வந்து போனது. ஆனால் போகவில்லை. செய்த தப்பு தப்புதான். அதற்கும் அவர் போனதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரண்டையும் இனிமேல் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குத் தலையில் குட்டிக்கொள்ளலாம், இன்னொன்றுக்கு அழலாம். இத்தனை நாளாக அழக்கூட அவளால் முடிந்திருக்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். கொழுந்தன் டீ போடுகிறேன் என்று உள்ளே போய், பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக உருட்டினான்.

டீ குடித்துவிட்டுத் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். புதுப் பேடுகளை மாட்டினாள்.

"டிப்போ பையன்கிட்ட என்ன சொல்ல?"

"வேற வண்டி பாக்கச் சொல்லு. இது விலைக்கு இல்லை."

"அப்பாடா" என்றான் அவன். "கேட்டு வரச் சொன்னான், வந்தேன். எனக்கு மட்டும் குடுக்கணும்னு ஆசையா என்ன?"

புதுப் பேடுகளை அப்படியே விட முடியாது. கொஞ்ச தூரம் ஓட்டி, பிடித்து, மறுபடி ஓட்டி, பிடித்துப் பழக்க வேண்டும். அவள் சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டு வந்தாள். ஏறி உட்கார முடியவில்லை, அவர் உயரம் வேறு. கட்டை விரலால் பொத்தானை அழுத்தி உள்ளங்கையால் சீட்டைக் கீழே தள்ளினாள். பெருமூச்சு விடுகிற சத்தத்தோடு அது இறங்கியது. ஷாலை இடுப்பில் முடிந்துகொண்டாள்.

"மெதுவா அண்ணி!"

"உன் பஸ்ஸை விட மெதுவாத்தான் போவேன்."

தெரு தபால் ஆபீஸ் பக்கமாகச் சரிவு, மிதிக்கவே தேவைப்படவில்லை. குளிர்ந்த காற்று கண்ணில் அடிக்க, கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முதல் தடவை அழுத்தியபோது பிரேக் அரைகுறையாகத்தான் பிடித்தது. இரண்டாவது தடவை கிறீச்சிட்டுப் பிடித்தது. மூன்றாவது தடவை சக்கரம் சொன்ன இடத்தில் நின்றது. அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். கடை மேலே, தூரத்தில் இருந்தது. வாசலில் கொழுந்தன் கையாட்டினான். திரும்பித் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும்.