கெட்டி ரத்தம்

அன்று விடியலில் பிளைவுட் கொட்டகைக்குள் இருந்தவர்கள்: மரம் உரிக்கும் எந்திரத்தில் சிவஞானம், உரிந்து வரும் மரத்தாளை எதிரே நின்று வாங்கும் உதுமான், ஈரத் தாள்களை அடுக்கும் மரகதம், முதலாளி ஒருநாளும் பெயர் கேட்டிராத நாங்கள் பத்துப் பதினைந்து பேர். வெளியே பூட்டும் சாவியுமாகக் காவலாளி சொக்கலிங்கம். ஷிஃப்ட் முடியும்வரை கதவு பூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளைவுட்டை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவோமாம்.

ஆவியில் வெந்த குர்ஜன் மரம் நெடியடித்தது. உருளை சுற்றச் சுற்ற, மரம் பாய் போல விரிந்து வந்தது. தாளின் ஈரத்தில் கைவிரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

சிவஞானம் லீவரை விட்டுவிட்டு உட்கார்ந்தான். வலது கெண்டைக்கால் வீங்கிப் பளபளத்தது. மரகதம் தொட்டுப் பார்த்தாள். அனல்.

போன வருஷம் இடது கால் இப்படித்தான் வீங்கியது. தீவிலிருந்து கப்பலேறி மெட்ராஸ் போனான். ரத்தம் அளவுக்கு மீறி ஊறுகிறது, பின்னால் புற்றுநோயாக மாறினாலும் மாறலாம், அதற்கு முன்பே கட்டியாக உறைந்து ஆளைக் கொல்லும் என்றார் டாக்டர். அவ்வப்போது ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. கால் வீங்கினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி; கட்டி நெஞ்சுக்கு ஏறினால் முடிந்தது. ஊர் திரும்பியவனை முதலாளி அதே எந்திரத்தில் அசையாமல் நிற்க வைத்தார்.

உதுமான் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினான். அப்போதுதான் மின்னி பே பங்களாவிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய முதலாளி பக்தவத்சலம், கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்தார்.

"எவன்டா மிஷின நிறுத்தினது?"

"நான்தான் சார். அண்ணனுக்குக் கால் வீங்கிருச்சு. ஜீப்புல கொண்டுபோய் விடுங்க."

"மூஞ்சியப் பாரு, தக்காளிப் பழமாட்டம். ராத்திரி தாருவக் குடிக்கிறது, காலையில பீமாரின்னு படுக்கிறது. ஆஸ்பத்திரியில ரத்தத்த வித்துட்டு வர்ற பயல்தானே?"

சிவஞானத்தின் முகம் சிவந்திருப்பது வியாதியால் என்று டாக்டரே சீட்டு எழுதித் தந்திருந்தார். பக்தவத்சலத்துக்கு அது தேவைப்படவில்லை. குடிகாரன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தினமும் கண்ணாடி பார்க்கிறவர்.

"விக்கல சார்," என்றான் சிவஞானம். "கெட்டி ரத்தம். எடுத்துக் கொட்டுறாங்க."

"ஷிஃப்ட் முடியட்டும். அப்புறம் எங்க வேணா போ."

மரகதம் அடுக்கிலிருந்து ஒட்டி முடிந்த பலகை ஒன்றை உருவி அவனருகில் போட்டாள். "ஏறிப் படுய்யா."

"ஏய், அது முதல்தரச் சரக்கு."

"ஆளும் முதல்தரந்தான் சார். உங்களுக்குத்தான் தரம் பாக்கத் தெரியல."

பலகையை நான்கு பேர் தோளுக்குத் தூக்கினோம். மற்றவர்கள் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"போறவன் எவனுக்கும் நாளைக்கு வேலை இல்ல," என்றார் பக்தவத்சலம்.

உதுமான் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "நாளைக்கு எல்லாரும் வருவோம் சார். கதவு திறந்து கிடந்தா மிஷின் ஓடும். பூட்டினா நீங்களே ஓட்டுங்க."

வெளியே வெயில் ஏறியிருந்தது. சிவஞானம் மூச்சை எண்ணுவது போல இழுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஜங்லிகாட் மேடு ஏற வேண்டும். பிழைப்பானா என்று எங்களுக்குத் தெரியாது. தோள் மாற்ற ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து பக்தவத்சலம் கத்தினார்: "சொக்கலிங்கம், கதவ இழுத்துப் பூட்டுடா. ஒரு பயலும் திரும்ப உள்ள வரக் கூடாது."

சொக்கலிங்கம் எங்களைப் பார்த்தான். காலிக் கொட்டகைக்குள் தனியாக நின்ற முதலாளியையும் பார்த்தான்.

"சரிங்க சார்," என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினான்.