மூன்றாம் கட்டத்து வெளிச்சம்

என் தங்கை சினேகா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்ததிலிருந்து எங்கள் வீட்டு பல்புக்கு நிம்மதி இல்லை. விசைத்தறி ஓடும்போது கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதனால் வீட்டுக்குள் ஒரு சுவிட்ச், தறிக்கு மேலே ஒரு பல்பு வைத்தாள். ஒருமுறை எரிந்தால், கவனி. அதிலிருந்து மூன்று கட்டம் எண்ண வேண்டும். முதல் கட்டத்தில் எரிந்தால் சாப்பாடு. இரண்டாவதில் எரிந்தால் இன்சூரன்ஸ் விற்கும், அத்தான் முறையான பங்காரு பாவா வந்திருக்கிறார், ஓடிவிடு. மூன்றாவதில் எரிந்தால் விருந்தாளி, சட்டை போட்டுக்கொண்டு வா. பிறகு இருட்டு, சேதி முடிந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வேகத்துல எண்ணணும் அண்ணா, இல்லைனா எல்லாம் போச்சு" என்றாள்.

ஒரு கட்டம் ஒரு நொடி. அவள் செல்போனில் நொடி பார்த்து எண்ணுவாள். எனக்கு அதற்கு ஏது கை? தறி இரண்டு அடி அடித்தால் ஒரு நொடி.

நேற்று எனக்குச் சம்பந்தம் பேச அம்மையார்குப்பத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. வந்ததெல்லாம் தட்டிப்போய், மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். மலைக்கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானமே வந்துவிட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? பல்பு எரிந்தது. எண்ணினேன். இரண்டாம் கட்டத்தில் வெளிச்சம்.

ஐயோ, பாவா! தறியை நிறுத்தினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஓடவிட்டே, பின்பக்கத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன்.

உள்ளே, தறியில் ஆளைக் காணாமல் பெண்ணின் அப்பா, "இன்னாமா, மாப்ள ஓடிட்டாரா?" என்று எழுந்தாராம். சினேகா அழாத குறையாக பல்பு விவரத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"வோல்டேஜ் கம்மியா இருக்குது, தறி மெதுவா ஓடிகினு இருக்குது. அவரு ரெண்டு எண்றதுக்குள்ள உனுக்கு மூணு ஆயிருக்கும். சத்தம் கேக்கலியா?" என்றாளாம் பெண், கனிமொழி. அவள் வீட்டிலும் தறிதான். எழுந்துபோய்ச் சுவிட்சில் கை வைத்தாள்.

ஜன்னல் வழியே பல்பு எரிவதைப் பார்த்தேன். தறியடியை எண்ணினேன். மூன்றாம் கட்டத்தில், அடி பிசகாமல், வெளிச்சம்.

விருந்தாளியா! தலையெல்லாம் பஞ்சு, முழங்காலெல்லாம் பாசி. அந்தக் கோலத்திலேயே உள்ளே ஓடினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மானம் போனது.

"யாரு பல்பு போட்டது?" என்றேன்.

"நான்தாங்க" என்றாள் கனிமொழி. அப்பாவைப் பார்த்தாள். "நைனா, நீ குந்து. இனிமே இந்த வூட்ல சுவிட்ச் நான் போட்டுக்கறேன்."