ஏறுவதற்கு மட்டும்

ஜிம்முக்கு வரும் உடல் பெருத்தவர்களுக்கு அவள் முதல் நாளில் எந்தப் பயிற்சியும் கொடுப்பதில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்வாள், பிறகு எழுந்திருக்கச் சொல்வாள். எந்த முழங்கால் உள்பக்கம் சாய்கிறது, கை எங்கே ஊன்றுகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். மற்றதெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும்.

கிரேன் ஓட்டுபவர் இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி எழுந்தார். வலது முழங்கால் சொடுக்கிற்று.

"ஓட விடுங்க மாஸ்டர்," என்றாள் கூட வந்திருந்த மனைவி. "ஓடாம எப்படி இளைக்கும்?"

"ஓடினா முட்டி போயிடும்க்கா."

"முட்டி போனா வீட்லயாவது இருப்பார்."

முதலில் சிரித்தவர் கிரேன்காரர்தான்.

அவருக்கு இளைக்க வேண்டியதில்லை, ஏற வேண்டும். கட்டடம் எழும் இடத்தில் கோபுரக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபின் இருந்தது. அதற்குள் போக ஏணி ஒன்றுதான் வழி. புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி, மழைக்காலம் முடிந்ததும் ஓட்டுநர்கள் எல்லோரும் தன் கண் முன்னால் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏற முடியாதவருக்கு வாசல் கேட்டில் வேலை.

"கேட்டுன்னா நிழல், நாற்காலி. நல்லதுதானே அண்ணே?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"போறவன் வர்றவன் எல்லாம் பார்ப்பான்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மேல போயிட்டா என்னை யாருக்கும் தெரியாது மாஸ்டர். கொக்கியைத்தான் பார்ப்பாங்க. கொக்கி ஒல்லி."

அவருக்கான பயிற்சிகளை அவள் கழித்துக் கழித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். குதிப்பது இல்லை, ஓடுவது இல்லை. தரையில் படுத்துச் செய்வது எதுவும் இல்லை. எழுந்திருக்கவே பாதி நேரம் போய்விடும், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடிக்கு முன்னால் எதுவும் இல்லை. மிஞ்சியவை கயிறு இழுப்பது, கம்பியைப் பிடித்து நிற்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மரப்பெட்டி மேல் ஏறுவது.

ஜிம் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை.

"அந்தப் பெரிய டயரைப் புரட்டச் சொல்லும்மா. போட்டோ அள்ளும்."

"அவர் ஏணி ஏற வந்திருக்கார் சார்."

"ஏணியை எவன் பார்ப்பான்?"

அவள் மரப்பெட்டியை இழுத்துப் போட்டாள். விடிவதற்கு முன்பே வந்து நின்றவள். ஒரே பாட்டுகள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன. நாள் முழுக்க "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று சொல்கிறாள். தூக்கத்திலும் சொல்வதாகக் கணவன் சொன்னான்.

பெட்டியில் ஏறுவது அவருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. இறங்கும்போதுதான் முழங்கால் வலித்தது. அப்போது மேலே ஊன்றியிருக்கிற கால் மடிந்தபடியே உடம்பின் பாரம் மொத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கும். அவள் பக்கத்தில் போய் நின்று தோளைக் கொடுத்தாள். அவர் அதில் கையூன்றி இறங்கினார். மறுநாளும் அப்படியே. பெட்டியை உயர்த்தினாள், அப்போதும் தோளைக் கொடுத்தாள். கனத்த உடம்புக்காரர்களின் முட்டியைக் காப்பாற்ற எல்லாப் பயிற்சியாளர்களும் செய்வதுதான். சாயங்காலம் அவளுடைய தோள் கடுத்தது. கணவன் தைலம் தேய்த்துவிட்டான். அதுவும் வேலையில் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நாளன்று நண்பகலில் அவர் போனில் கூப்பிட்டார். அவள் ஒரு வங்கிக்காரிக்கு எடை தூக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டேன் மாஸ்டர்."

"எங்கயும் நிக்கலயே?"

"எங்கயும் நிக்கல. கீழ எல்லாரும் கை தட்டினாங்க."

அவளை அறியாமல் சிரிப்பு வந்தது. வங்கிக்காரியும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். போனில் காற்று இரைந்தது.

"என்ன அண்ணே?"

"இறங்க முடியல."

"என்ன?"

"ரெண்டு படி வச்சேன். கால் வெடவெடங்குது. மறுபடி மேல ஏறிட்டேன். ஏறத்தான் வருது."

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இத்தனை மாதங்களில் அவர் ஒரு தடவைகூடத் தானாக இறங்கியதில்லை. அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பெல்ட் மாட்டியிருக்கீங்களா?"

"மாட்டியிருக்கேன்."

"போனைப் பையில போட்டுட்டு, காதுல ஒயரை மாட்டுங்க. காலை நம்பாதீங்க. கையால இறங்குங்க. கை நல்லா இருக்கு உங்களுக்கு. உடம்பை ஏணியோட ஒட்டி வைங்க. எங்கெங்க நிக்க இடம் இருக்கோ அங்க உக்காந்துடுங்க."

"ஆபீசர் பார்த்துட்டு நிக்கறார்."

"நிக்கட்டும்."

அவர் மூச்சு கேட்டது. இரும்பில் பூட்ஸ் உரசுவது கேட்டது. "அடுத்தது," என்றாள் அவள். "அடுத்தது."

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்றாங்களே," என்றார் நடுவில் எங்கோ உட்கார்ந்துகொண்டு. "அந்த யானையை எவன் மாஸ்டர் ஏணியில ஏத்தினான்?"

"பேசாதீங்க. மூச்சை விடுங்க."

"இதைக் கீழ வச்சிடட்டுமா?" என்று கேட்டாள் வங்கிக்காரி. எடையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் தரையைத் தொட்டபோது யாரும் கை தட்டவில்லை. அதிகாரியின் குரல் போனில் தெளிவாகக் கேட்டது. கோபம் இல்லாத குரல்.

"மேல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"தெரியல சார்."

"நாளையிலேருந்து கேட்டுக்கு வந்துடுங்க."

கால் சத்தங்கள் விலகிப் போயின. அவர் எங்கோ போய் உட்கார்ந்தார்.

"என் தப்பு அண்ணே," என்றாள் அவள். "இறங்கறதை நான் சொல்லியே கொடுக்கல. வலிக்குமேன்னு விட்டுட்டேன்."

"விடுங்க. அது தானா வரும்னு நானும்தான் நெனச்சேன்."

"கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ஏறிக் காட்டறேன்னு அவர்கிட்ட கேளுங்க. நான் வேணும்னா பேசறேன்."

"வேணாம் மாஸ்டர்." தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "சிமென்ட் கலக்கறவன், கம்பி கட்டறவன், சமையல்காரம்மா, எல்லாரும் வேலையை நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்தாங்க. உச்சியிலேருந்து தரை வரைக்கும். ஒரு இன்ச் விடல. இதுக்கு மேல கேட்டுல உக்காந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?"

அவள் பெட்டியிலிருந்து எழுந்தாள்.

"காலையில வாங்க," என்றாள் கடைசியில்.

"எதுக்கு மாஸ்டர்? கேட்டுக்கு ஏணி கிடையாதே."

"வீட்ல மாடிப்படி இருக்குல்ல?"

"அது இருக்கு. பார்க்கலாம்."

ஜிம்முக்கு வருவதை நிறுத்தியவர்கள் எல்லோரும் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான். அவளுக்குத் தெரியும். ஆனாலும் எப்போதும் வரும் நேரத்தைச் சொன்னாள். அவர் "ம்" என்றார். போனை அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் கிரேன் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. வேறு யாரோ மேலே ஏறியிருக்க வேண்டும்.