துப்பாக்கிப் பெட்டியில் என் ஓய்வுக்காலம்

என் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதும் துப்பாக்கிப் பெட்டிக்குள் இருந்தது என்று சொன்னால் வெளியூரில் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் நம்புவார்கள். இங்கே வீட்டில் முக்கியமானதெல்லாம் அந்த இரும்புப் பெட்டியில்தான் கிடக்கும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் போட்டே என் முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த மே மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு, சேர்த்ததை வைத்துக் காலை நீட்டி உட்காருவது என்று இருந்தேன். என் கணவன் டெல்பர்ட் சும்மா இருந்தால்தானே? வண்டியில் ரேடியோ கேட்டுக் கேட்டு, காகிதப் பணம் ஒருநாள் குப்பைக்குப் போகும் என்று கத்துகிற விளம்பரக்காரனை நம்பிவிட்டான். சரி, தொலையட்டும் என்று என் சேமிப்பைத் தங்கக் காசாக மாற்றினோம். அது வரி கட்டாமல் சேர்த்த ஓய்வுக்காலக் கணக்கு; அதனால் அந்தக் காசு அரசாங்கம் அனுமதித்த பெட்டகத்தில்தான் இருக்க வேண்டுமாம். அது தொலைதூரத்தில் டெலவேரில் இருந்தது. இவனுக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம தங்கத்தை எவனோ பூட்டி வச்சுக்கிட்டு நம்மகிட்டயே வாடகை வாங்குறான், லோர்னா!"

ரேடியோக்காரன் அதற்கும் வழி வைத்திருந்தான். என் பெயரில் ஒரு கம்பெனி. தங்கம் கம்பெனியுடையது. கம்பெனிக்கு மேனேஜர் நான். ஆகவே வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

"இது சரிதானா?" என்று கேட்டேன்.

"ரேடியோல பொய்யா சொல்வான்?" என்றான்.

நாலு துப்பாக்கிக்கும் ஒரு மான் கொம்புக்கும் நடுவே என் கம்பெனி தொடங்கியது.

மார்ச்சில் டெல்பர்ட்டின் அக்கா ஆர்லிஸ், வழக்கம்போல எங்கள் வரிக்கணக்கை எழுத வந்தாள். இவனுக்குப் பெருமை தாங்கவில்லை. காசுகளை எடுத்து வந்து, அவள் தின்றுகொண்டிருந்த செர்ரிப் பழ 'பை' பலகாரத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் பரப்பினான். ஆர்லிஸின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"இது லோர்னாவோட ஓய்வுக்காலக் கணக்குக் காசா? இங்கயா வச்சிருக்கே?"

"ரெண்டு பூட்டு போட்டிருக்கேன்."

"டேய் மண்டு! பூட்டா இப்போ பிரச்சினை? இது வீட்டுக்குள்ள வந்த அன்னிக்கே அவ சேமிப்பை மொத்தமா கையில எடுத்துட்டதா அர்த்தம். முழுசுக்கும் வரி. அதை எடுக்குற வயசு அவளுக்கு இன்னும் ஆகலை, அதனால அபராதம் வேற."

"நாங்க ஒத்தக் காசுகூடச் செலவு பண்ணலையே!"

"அதை யாரு கேட்டா?"

ரேடியோக்காரனின் கம்பெனிக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண், "நாங்க வரி ஆலோசனை சொல்றதில்லீங்க மேடம்" என்றாள். வந்த ஆத்திரத்துக்குப் போனைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

வரி கட்ட ஒமாஹா நகரத்துக் கடையில் காசுகளை விற்றோம். வாங்கும்போது சந்தை விலைக்கு மேலே கொடுத்திருந்தோம். விற்கும்போது கீழேதான் கொடுத்தார்கள். மிச்சமெல்லாம் ஒரு காபிக் குவளைக்குள் அடங்கிவிட்டது. பள்ளி முதல்வரிடம் போய், வேலையை விடவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

வழியனுப்பு விழாவுக்குக் கேக் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பள்ளியின் கடைசி நாளில், 'இனிய ஓய்வு' என்று கிரீமில் எழுதியிருந்ததைச் சமையலறைப் பெண்கள் சுரண்டி எடுத்துவிட்டு என் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். டெல்பர்ட் கிரீம் அதிகமாக இருந்த மூலைத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"லோர்னா, அடுத்து வெள்ளி விலைதான் ஏறப்போகுதாம். அந்த மிச்சத்தை..."

கைப்பையிலிருந்து, சமையலறையில் நான் தலையில் போடும் முடி வலையை எடுத்து, அவன் தலையில் காது மறைய இழுத்து மாட்டினேன்.

"பாத்திரம் கழுவ ஆள் கேட்டாங்க. உன் பேரைக் கொடுத்துட்டேன். ஆகஸ்ட்ல பள்ளி திறந்ததும் நீயும் என்கூட வர்றே."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பக்கத்தில் நின்ற முதல்வர் அவனிடம் ஏப்ரன் அளவு என்ன என்று கேட்டார்.