ஃபாத்திஹாவுக்கு விரித்த கைகள்

"கையை அங்கிப் பைக்குள்ளயே வச்சுக்கங்க. சர்பத்தைத் தொட்றாதீங்க," என்று கணவர் பையூமியை எச்சரித்தாள் நகாத். "நடுக்கத்தைப் பாத்தா மாப்பிள்ளை வீட்ல குடிகாரன்னு நினைப்பாங்க."

"வியாதின்னு சொல்லிடலாமே?"

"நல்லாருக்கு! குடிகாரன் பொண்ணையாச்சும் எவனாவது கட்டுவான். வியாதிக்காரன் பொண்ணை?"

மகள் ஸனிய்யா சர்பத் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்பா காஸ்டிக் சோடா ஆலையின் பாதரசக் கூடத்தில், அந்த ஆவியை முகர்ந்தபடி இருபத்தாறு வருடம் நின்றவர். ஆலை டாக்டர் வருடந்தோறும் 'பூரண ஆரோக்கியம்' என்று முத்திரை குத்தினார். கை நடுங்கத் தொடங்கிய வருடம் இன்னும் அழுத்திக் குத்தினார். அலெக்சாந்திரியாவின் கடல்காற்றே மருந்து என்று வேறு சொன்னார்.

மாப்பிள்ளை இமாதுடன் அவன் வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹாஜ் ஷெஹாத்தா அதே கம்பெனியின் வேறோர் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். அவரும் அங்கிப் பையில் கைவிட்டபடியே உட்கார்ந்தார்.

"எம் மகன் இமாதுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு. நான் நின்ன அதே பாதரசக் கூடம்!"

"உடம்புக்கு ஒத்துக்குமா, ஹாஜ்?" என்றார் பையூமி மெல்ல.

"அதெல்லாம் சோம்பேறிங்க கட்டின கதை! கம்பெனி தினம் பால் குடுக்குதுல்ல? பாலுக்கு முன்னால பாதரசம் எம்மாத்திரம்? முப்பது வருஷம் குடிச்சேன். பாருங்க, காளை மாதிரி இருக்கேன்!"

ஸனிய்யா தட்டில் சர்பத் கொண்டுவந்தாள். காளைக்குச் சர்க்கரை வியாதியாம், தொடவில்லை. பையூமிக்குத் தொண்டைக்கட்டாம்.

"சரி, ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை முடிச்சிடுவோம்," என்றார் இமாதின் தாய்மாமன்.

நகாத்தின் முகம் வெளுத்தது. பைக்குள் கை வைத்துக்கொண்டு யாரும் இறைவனிடம் கேட்பதில்லை. உள்ளங்கைகளை விரித்தாக வேண்டும்.

பையூமி கண்களை இறுக மூடிக் கைகளை எடுத்தார். மாவு சலிப்பதுபோல ஆடின. மெல்லக் கண்ணைத் திறந்தார். எதிரே ஹாஜ் ஷெஹாத்தாவின் கைகள் அதைவிட வேகமாக ஆடிக்கொண்டிருந்தன.

"குளிரு," என்றார் ஹாஜ்.

"ஆமா, சரியான குளிரு," என்றார் பையூமி.

தலைக்கு மேல் மின்விசிறி முழுவேகத்தில் சுழன்றது.

ஸனிய்யா இமாதின் விரித்த கைகளைப் பார்த்தாள். அவை ஆடவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கை எனக்குச் சம்மதம். அந்த வேலை சம்மதமில்ல. விட்டுட்டு வரட்டும், அப்புறம் ஓதுங்க."

"நிரந்தர வேலைம்மா!" ஹாஜ் பதறினார்.

"தெரியுது மாமா," என்றாள் அவர் விரல்களைப் பார்த்தபடி. "இதுவும் நிரந்தரம்தான்."

இமாத் எழுந்தான். ஒரு டம்ளர் சர்பத்தை எடுத்து, அதைத் தானாகப் பிடிக்க முடியாத தன் அப்பாவின் வாயருகே பிடித்தான். ஹாஜ் மகன் முகத்தைப் பார்க்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சர்க்கரை வியாதி அவர் நினைவுக்கு வரவில்லை.