தட்டைப் பாதத்துக்கு ஒரு ஷூ

"மறுபடியும் மெத்துனு இருக்கறதையே எடுக்காதம்மா," என்றாள் தர்ஷினி, ஷூ கடைக்குள் நுழைவதற்கு முன்பே.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் பதினாறு வருடமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவள் அவள் அம்மா குணமாலா. எதை வாங்கினாலும் முதலில் கைக்குள் கசக்கிப் பார்ப்பாள். போன வருடம் மகளுக்கு ஷூ வாங்கியபோது இரண்டே கேள்விதான் கேட்டாள்: தோல் கலந்திருக்கிறதா, கைக்கு மெத்தென்று இருக்கிறதா. அவர்களுடைய சமண வீட்டுக்குள் தோல் பெல்ட்கூட வந்ததில்லை. துணி ஷூ ஒன்று கைக்குட்டைபோல் மடங்கியது. அதையே வாங்கிவிட்டாள்.

அந்த ஷூவில் ஓடி ஓடி, தர்ஷினிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலி எடுத்துவிட்டது. மாதக் கடைசியில் மாவட்ட அணிக்குத் தேர்வு. மூவாயிரம் மீட்டரில் முதல் நான்கு பேருக்குத்தான் இடம். ஆறாவது சுற்றிலேயே நொண்டுகிறாயே, ஒரு வாரம் ஓடாதே, ஷூவை மாற்றிக்கொண்டு வா என்று பி.டி. டீச்சர் கிருஷ்ணவேணி சொல்லிவிட்டார்.

கடைக்காரர் சிட்டிபாபு ஒரு குவளைத் தண்ணீரால் தர்ஷினியின் காலை நனைத்து, அட்டை ஒன்றின்மேல் நிற்கச் சொன்னார். நடுவில் பள்ளமே இல்லாமல் பாதம் முழுவதும் பதிந்தது. இது தட்டைப் பாதம், ஓடும்போது உள்பக்கம் சாயும், மெத்தென்ற ஷூவும் கூடவே சாய்ந்துவிடும் என்றார். பழைய ஷூவின் இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கினார். ஈரத்துண்டு போல முறுக்கிக்கொண்டது.

உள்பக்க ஓரம் கெட்டியாக இருந்த இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் முன்பக்கம் தோல். குணமாலா அதைத் தொடாமலே வேண்டாம் என்று தலையாட்டினாள். மற்றது ஆண்கள் ஷூ; கறுப்பில் மஞ்சள் கோடு, ரெக்ஸினும் வலைத்துணியும். கசக்கிப் பார்த்தாள். விரல்கள் மடியும் இடத்தைத் தவிர எங்கும் வளையவில்லை.

"இன்னாப்பா இது, கட்டையாட்டம் இருக்குது. பொண்ணு கால் புண்ணாயிடாதா?"

"கால்ல பட்டு சுத்திக்கினு ஓட முடியாதும்மா," என்றார் சிட்டிபாபு.

குணமாலாவுக்குச் சுருக்கென்றது. அலமாரியிலிருந்து ரோஸ் நிறத்தில் மெத்தென்ற ஒன்றை எடுத்தாள். தர்ஷினி அதை அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தாள்.

"நீ கையால பாக்கற. ஓடறது என் காலும்மா. வலிக்கறதும் அதுக்குத்தான்."

குணமாலா குனிந்து மகளின் காலைப் பார்த்தாள். பிறகு, பழையதைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை மெதுவாக ஓடிவிட்டு வா, அப்புறம் அந்தக் கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடு என்றாள். கடைப் படியில் உட்கார்ந்து, மகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து குதிகால்களையே பார்த்தாள். பழையதில் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் உள்ளே சரிந்தது. புதியதில் நேராக நின்றது.

"சாயல," என்றாள். "இதையே கட்டுப்பா."

தேர்வு அன்று ஆறாவது சுற்றில் தர்ஷினி நொண்டவில்லை. ஏழாவதில் லேசாக வலித்தது. நான்காவதாக வந்தாள். கிருஷ்ணவேணி டீச்சர் பெயரை எழுதிக்கொண்டு, காலுக்கு ஐஸ் வைக்கச் சொன்னார். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. எதிர்வீட்டில் கேட்டு ஐஸ் வாங்கிவந்தவள் குணமாலாதான்.